மஞ்சள் பொடியும் ஒரு கடன் கணக்கும்

போன டிசம்பரில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாங்க. வந்த நாலாம் நாள் கடைவாய்ப்பல் பிரச்சினை பண்ண ஆரம்பித்தது. மணிநகரில் எங்கள் தெருமுனையிலேயே பல் டாக்டர். வேர் சிகிச்சை முடிந்ததும் மேலே தொப்பி போடணும் என்று சொல்லி, இரண்டு மாதிரிப் பற்களைக் கையில் வைத்துக் காட்டினார். ஒன்று உள்ளே உலோகம், வெளியே பீங்கான். இன்னொன்று முழுக்க வெள்ளை, ஜிர்கோனியா. விலை இரண்டாவதுக்கு அதிகம். அம்மா வழக்கம்போல விலை குறைந்ததைக் கைகாட்டினாங்க. தங்கமணி வழக்கம்போல விலை கூடினதைக் கைகாட்டினாங்க. பில் கட்டப் போறவனை யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்து கொள்கிறேன்.

திரும்பி நடந்து வரும்போது அம்மா கேட்டாங்க: "அது என்னப்பா, கல்லு மாதிரி இருக்கே. எதுல செய்யறாங்க?"

"மாவு மாதிரி ஒரு பொடிம்மா. அழுத்திக் கட்டியாக்கி, மெஷின்ல பல்லு மாதிரி கடைஞ்சு, சூளையில வச்சுச் சுடுவாங்க."

"சூளைன்னா? விறகா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் அந்தச் சூளைக்குள் என்ன எரிகிறது, எது எரியாமல் நிற்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பி.காம். படித்த ஒரு வங்கி அதிகாரிக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டி வந்தது. கொசுவத்தியைக் கொஞ்சம் சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017-இல் இங்கே அகமதாபாத்தில் ஒரு கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் லேப் வைத்திருக்கும் ஒருவர் கடன் கேட்டு வந்தார். குஜராத்தில் எல்லோரும் 'பாய்' என்பதால் நானும் அவரை பாய் என்றே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷமாகக் கையாலேயே பல் செய்து டாக்டர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மனுஷன். காலம் மாறுகிறது, ஜிர்கோனியாவுக்குப் போகவேண்டும், ஒரு கடைசல் மெஷினும் ஒரு சுடும் ஃபர்னஸும் வாங்கவேண்டும் என்றார். கொட்டேஷன், மூன்று வருஷக் கணக்கு, டாக்டர்களின் கடிதம் எல்லாம் சுத்தமாக இருந்தன. ப்ராசஸ் நோட் எழுதினது நான். ஃபர்னஸைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். விற்பனையாளரின் வண்ணத்தாளில் இருந்ததை அப்படியே இறக்கினேன்: அதிகபட்ச வெப்பம் 1600 டிகிரி, ஆயுள் நீண்டது. 'நீண்டது' என்றால் எத்தனை வருஷம் என்று நானும் கேட்கவில்லை, நோட்டைப் படித்த மேலதிகாரியும் கேட்கவில்லை.

கடன் சாங்ஷன் ஆனது. ஒரு வருஷம் தவணை கடிகாரம் மாதிரி வந்தது.

2018 அக்டோபர், நவராத்திரி நேரம். வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கு லேபுக்குப் போனேன். பாய் வெளியே போயிருந்தார். ஃபர்னஸைப் பார்த்துக்கொள்ளும் பையன் மட்டும் இருந்தான். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். மெஷின் நம்பரைச் சரிபார்த்து, வங்கிப் பெயர் எழுதின பலகை ஒட்டியிருக்கா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஃபர்னஸுக்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினான். விரல் நுனியில் இளமஞ்சள், கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி ஒரு பொடி. "சாஹேப், இது தினமும் கொட்டுது" என்றான் ஹிந்தியில்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷினைச் சுத்தமா வச்சுக்கணும்பா" என்றேன். ரிப்போர்ட்டில் 'இயந்திரங்கள் நல்ல இயக்க நிலையில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு இன்னும் மூன்று இன்ஸ்பெக்‌ஷன் பாக்கி.

அக்டோபர் 31 தவணை வரவில்லை. நவம்பர் தவணையும் வரவில்லை. போன் செய்தால் "ஆ ஜாயேகா சாஹேப்". டிசம்பரில் நேரே போனேன். ஃபர்னஸ் அணைந்து கிடந்தது. உள்ளே மேலிருந்து தொங்கும் யு வடிவக் கம்பிகள் நாலில் இரண்டு உடைந்திருந்தன. பாய் சொன்ன கதை இது: தீபாவளிக்கு முன்னாலிருந்தே பற்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் வெளியே வர ஆரம்பித்தன. டாக்டர்கள் திருப்பி அனுப்பினார்கள், பிறகு ஆர்டரே அனுப்பவில்லை. கடைசியில் பையன் பிரஷ்ஷை வைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பிகளை உடைத்துவிட்டான். அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பியாச்சு.

சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் அந்த இடத்திலேயே ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஆபீஸுக்கு வந்து வரைவு நோட் ஒன்று எழுதினேன். 'ஆபரேட்டரின் கவனக்குறைவால் இயந்திரம் சேதம், யூனிட் இயங்கவில்லை, கடன்தாரர் தொழிலில் அக்கறை காட்டவில்லை.' என் மேலதிகாரி ஒரு படி மேலே போய், பணத்தை வேறு எங்கேயாவது திருப்பிவிட்டாரா பாருங்கள், கடனைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த வருஷம் வங்கிகளில் யாருக்குமே வாராக்கடன் என்ற வார்த்தையைக் கேட்டால் தூக்கம் வராது.

அப்போதுதான் 2019 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வந்தது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களில் 25 கோடி வரை கடன் வாங்கித் தவணை தவறியிருந்தாலும், கணக்கு இன்னும் வாராக்கடன் ஆகாமல் இருந்தால், ஒருமுறை மட்டும் மறுசீரமைப்பு செய்யலாம். ஆனால் மறுசீரமைப்பு நடக்கும் நாள்வரைக்கும் கணக்கு வாராக்கடன் ஆகியிருக்கக் கூடாது. 90 நாள் கணக்குப்படி பாயின் கணக்குக்கு ஜனவரி கடைசி வரைதான் நேரம். தொழில் மறுபடியும் ஓடும் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். போடவேண்டியவன் நான். அதற்கு அந்தக் கம்பி ஏன் உடைந்தது என்று தெரியவேண்டும்.

உத்தராயணம் முடிந்த மறுநாளுக்கு மறுநாள், ஜனவரி 16. நமக்குப் பொங்கல் என்றால் இங்கே பட்டம். மரத்துக்கு மரம் அறுந்த பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. வட்வா தொழிற்பேட்டையில் ஃபர்னஸ் ரிப்பேர் செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரை எங்கள் கிளையின் இன்னொரு வாடிக்கையாளர் மூலம் பிடித்து, லேபுக்கு அழைத்துப் போனேன். அவர் ஃபர்னஸ் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். உடைந்த கம்பியைத் தொடவே இல்லை. கீழே கிடந்த பொடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"ராத்திரி எத்தனை டிகிரியில வைக்கிறே?"

பாய் கொஞ்சம் தயங்கி, "ஐநூறு" என்றார்.

விஷயம் இதுதான். ஜிர்கோனியாவைச் சுடுவதற்கு முன்னால் நிறம் வருவதற்காக ஒரு திரவத்தில் முக்குவார்கள். ஈரம் காயவேண்டும். அதற்கு லேபில் ஒரு விளக்கு இருந்தது. மழைக்காலத்தில் அது கெட்டுப்போனது. புதிது வாங்குவானேன் என்று பாய், ஈரப் பற்களை அப்படியே ஃபர்னஸில் வைத்து இரவு முழுக்க 500 டிகிரியில் பிடித்துவைத்து, காலையில் ஏற்றச் சொன்னார். ஜூலையிலிருந்து ஏறக்குறைய எல்லா இரவும். பையன் செய்தது சொன்னதைத்தான்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் கம்பியை 1500-ல வருஷக்கணக்கா வை, ஒண்ணும் ஆகாது. 500-ல ராத்திரி முழுக்க வச்சா தின்னுடும்."

எது தின்னும் என்று கேட்டேன். "காத்து" என்றார்.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பொண்ணு அப்போது ஒன்பதாம் வகுப்பு. தனிம அட்டவணைப் படத்தை மேஜைமேல் விரித்துக் கொடுத்தாள். அந்தக் கம்பியின் பெயர் மாலிப்டினம் டைசிலிசைடு. ஒரு மாலிப்டினம் அணுவுக்கு இரண்டு சிலிக்கான் அணு. "அப்பா, சிலிக்கான் 14, மாலிப்டினம் 42, சரியா மூணு மடங்கு" என்றாள். அதில் அர்த்தம் எதுவும் இல்லை என்றாலும் இன்றுவரை அதனால்தான் அந்த எண்கள் எனக்கு மறக்கவில்லை.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வீட்டு ஹீட்டரில் இருக்கும் சுருள் நிக்ரோம். அது 1200 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். பல்லைச் சுட 1500 டிகிரி அளவுக்கு வேண்டும். அதுவும் காற்றுக்கு நடுவிலேயே. மாலிப்டினம் உலோகம் 2600 டிகிரி வரைக்கும்கூட உருகாது. அப்புறம் அதையே கம்பியாகப் போட்டால் என்ன என்று நான் நினைத்தேன். காற்றில் 600 டிகிரி தாண்டினாலே அது வேகமாக ஆக்சைடாகி, இன்னும் ஏறினால் ஆவியாகப் பறந்துவிடும். சிலிக்கானைத் தனியாக எடுத்தால் 1414 டிகிரியில் உருகிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆச்சரியம். அந்தச் சேர்மம் உருக 2030 டிகிரி வேண்டும். பார்க்க உலோகம் மாதிரி சாம்பல் நிறம், மின்சாரம் கடத்தும். ஆனால் குளிர்ந்திருக்கும்போது பீங்கான் மாதிரி பட்டென்று உடையும். 1200 டிகிரிக்கு மேலே போனால் வளைந்து கொடுக்கும். 1950-களில் ஸ்வீடனின் காந்தால் நிறுவனம் இதைச் சூடேற்றும் கம்பியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகம் முழுக்க உயர்வெப்பச் சூளைகளில் இன்றும் இந்த வகைதான் ஓடுகிறது.

இதைச் செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எடைக்கணக்கில் நூறு கிராமுக்கு 63 கிராம் மாலிப்டினம் பொடி, 37 கிராம் சிலிக்கான் பொடி. நன்றாகக் கலந்து வில்லையாக அழுத்தி, காற்று இல்லாமல் ஆர்கான் வாயுவுக்குள் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்துவிடும். இன்னொரு முறையில் மொத்தத்தையும் சூடாக்கவே வேண்டாம். வில்லையின் ஒரு முனையில் மின்கம்பிச் சுருளால் பற்றவைத்துவிட்டால் போதும். சேரும்போது வெளிவரும் வெப்பமே பக்கத்துப் பொடியைப் பற்றவைக்கும், அது அடுத்ததை. கம்பி மத்தாப்பு எரிந்துகொண்டே இறங்குமே, அந்த மாதிரி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அலை ஓடும். அந்த அலையில் வெப்பம் 1600 டிகிரியைத் தொடும். இன்னும் ஒரு வழி, இரும்புக் குண்டுகள் போட்ட உருளையில் பொடிகளைப் பல மணிநேரம் விடாமல் இடித்தல். இடித்து இடித்தே சேர்மம் உண்டாகிவிடும். அடுப்பே இல்லாமல்!

பிறகு கம்பி செய்வது. சேர்மத்தை நைசாக அரைத்து, கொஞ்சம் களிமண்ணும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் இட்டுப் பிழிகிறார்கள். முறுக்குதான், வேறென்ன. காயவைத்து, சுட்டு, சூடாக இருக்கும்போதே யு வடிவத்தில் வளைத்து, இரண்டு பக்கமும் தடிமனான கால்களைப் பற்றவைக்கிறார்கள். கால் தடிமன் என்பதால் அங்கே சூடு குறைவாக இருக்கும், மின் இணைப்பு எரியாது. கடைசியில் காற்றிலேயே மின்சாரம் பாய்ச்சிப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். அப்போதுதான் அந்தத் தோல் உண்டாகிறது.

எல்லாமே அந்தத் தோலில்தான் இருக்கிறது. உயர்ந்த வெப்பத்தில் ஆக்சிஜன் வந்து மோதினால் மேற்பரப்பில் உள்ள சிலிக்கான் சிலிக்காவாக மாறும். அதாவது கண்ணாடி. இளகின கண்ணாடி, கம்பி முழுக்க மெல்லிய உறையாகப் படரும். அதற்குமேல் ஆக்சிஜனால் உள்ளே போக முடியாது. எங்கேயாவது கீறல் விழுந்தாலும் அடுத்த சூட்டில் தானே மூடிக்கொள்ளும். சூடு ஏற ஏறப் பாதுகாப்பு.

500 டிகிரியில் கதை தலைகீழ். கண்ணாடி வளர அந்தச் சூடு போதாது. ஆனால் மாலிப்டினம் ஆக்சைடாக மாறுவதற்கு அது போதும். மாறின ஆக்சைடு ஆவியாகிப் பறக்கவும் சூடு போதாது. அது உள்ளேயே, நுண்ணிய விரிசல்களுக்குள்ளேயே தங்கிவிடும். நான் பேலன்ஸ் ஷீட் மாதிரி போட்டுப் பார்த்தேன். 152 கிராம் சேர்மம், 112 கிராம் ஆக்சிஜன். வெளியே வருவது 144 கிராம் மாலிப்டினம் ஆக்சைடு, 120 கிராம் சிலிக்கா. இரண்டு பக்கமும் 264, டேலி ஆகிவிட்டது. எடை டேலி ஆனாலும் இடம் டேலி ஆகவில்லை. பழைய சேர்மம் அடைத்திருந்த இடத்தைப்போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு இடம் இந்தப் புதிய பொருட்களுக்கு வேண்டும். விரிசலுக்குள் இருந்துகொண்டு அது இடம் கேட்டால் என்ன ஆகும்? கம்பி உள்ளிருந்து வெடித்து உதிரும். உதிர்ந்து விழுவதுதான் அந்த இளமஞ்சள் பச்சைப் பொடி. பையன் விரலில் எடுத்துக் காட்டினது.

1955-லேயே ஃபிட்சர் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 'பெஸ்ட்' என்று பெயர். சிறந்தது என்கிற பெஸ்ட் இல்லை, கொள்ளைநோய் என்கிற பெஸ்ட். 400 முதல் 600 டிகிரி வரைதான் அதன் ராஜ்ஜியம். சீக்கிரமாகக் கடந்துபோனால் ஒன்றும் செய்யாது. அங்கேயே உட்கார்ந்தால்தான் ஆபத்து.

பல் நிறம் மாறினதற்கும் அதே பொடிதான் காரணம். 500-இல் ஆவியாகாத மாலிப்டினம் ஆக்சைடு, காலையில் 1500-க்கு ஏற்றும்போது ஆவியாகிப் பக்கத்தில் இருக்கும் பல்மேல் படியும். போதாக்குறைக்கு, நிறத் திரவத்திலிருந்து கிளம்பின ஆவி மிச்சமிருந்த கண்ணாடித் தோலையும் கெடுத்திருக்கும். அதனால்தான் ஈரத்தை வெளியே காயவைத்துவிட்டு உள்ளே வைக்கவேண்டும் என்கிறார்கள். ஃபர்னஸோடு வந்த புத்தகத்தின் நடுப்பக்கத்தில் இது இருந்தது. ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். பாய்க்கு ஆங்கிலம் வராது. பையனுக்கும் வராது. எனக்கு வரும். கடன் ஃபைலில் அதன் நகலை வைத்திருந்தவனும் நான்தான். திறந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மெக்கானிக் இன்னொரு நல்ல சேதி சொன்னார். நாலு கம்பியையும் மாற்றத் தேவையில்லை. சிலிக்கான் கார்பைடு என்று இன்னொரு வகைக் கம்பி இருக்கிறது. அது வயசாக ஆக மின்தடை கூடிக்கொண்டே போகும், புதுசையும் பழசையும் சேர்த்துப் போட்டால் சரிப்படாது, செட்டாகத்தான் மாற்றவேண்டும். டைசிலிசைடு அப்படி இல்லை. வயசானாலும் மின்தடை மாறாது. உடைந்த இரண்டை மட்டும் மாற்றலாம். நிற்கிற இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறது: ஃபர்னஸைக் காலியாக வைத்து 1500-க்கு மேலே ஏற்றிச் சில மணிநேரம் விட்டால் பொடி பறந்துவிடும், கண்ணாடித் தோல் மறுபடி வளரும்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க கெமிஸ்ட்ரியா?" என்றார். "இல்ல சார், பி.காம்." என்றேன். "அப்ப இதை நோட்ல எப்படி எழுதுவீங்க? யார் ஒத்துக்குவாங்க?" நியாயமான கேள்வி. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கம்பி மாற்றி, ஒரு தட்டுப் பல் சுட்டு, அதை ஒரு டாக்டர் ஏற்றுக்கொண்டு பில்லுக்குப் பணம் கொடுத்தால் ரீஜனல் ஆபீஸில் பேசுகிறேன் என்றார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

பாய் பழைய பாக்கியை இரண்டு டாக்டர்களிடம் வசூல் செய்து கம்பி வாங்கினார். 21-ஆம் தேதி மாலை மெக்கானிக் மாட்டினார். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி ஒவ்வொன்றையும் மேலிருந்து இறக்கினார். திருகைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலும் உடையுமாம். குளிர்ந்த கம்பிக்கு மின்தடை மிகக் குறைவு, சூடாக ஆகப் பத்து மடங்குக்கும் மேல் ஏறும். அதனால் ஆரம்பத்தில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித்தான் விடவேண்டும் என்று பெட்டியைத் திறந்து காட்டினார். எண் பலகையில் 400 வந்தது. 500. நான் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். 600 தாண்டியதும் மெக்கானிக் பீடி பற்றவைக்க வெளியே போனார். சாஹேப் வீட்டுக்குப் போகலாம் என்று பாய் சொன்னார். போகவில்லை. பார்வைத் துவாரம் வழியாக ஆரஞ்சு, பிறகு மஞ்சள், பிறகு கண் கூசும் வெள்ளை. தங்கமணி இரண்டுமுறை போன் செய்தாங்க. வங்கி வேலை என்றேன். வங்கி வேலைதானே!

மறுநாள் இரவு சுட்ட பற்கள் 23-ஆம் தேதி காலையில் வெளியே வந்தன. கடையும்போதே பெரிதாகக் கடைவார்கள். சூட்டில் நீள, அகலம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். பாய் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் நிறமாதிரிப் பட்டையோடு வைத்துப் பார்த்தார். பதினொன்றில் ஒன்றில் மட்டும் லேசாக மஞ்சள் தட்டியது. மற்ற பத்தும் சரி.

நோட்டைத் திருப்பி எழுதினேன். 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்ற வரியை எடுத்தேன். இயந்திரத்தைத் தவறான வெப்பநிலையில் பயன்படுத்தியது, அதற்கான அறிவுறுத்தல் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் இல்லாதது, இப்போது சரிசெய்யப்பட்டது என்று எழுதினேன். அக்டோபர் இன்ஸ்பெக்‌ஷனில் பொடியைக் கண்டும் பதிவு செய்யவில்லை என்று என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். மேலதிகாரி அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, "இது வேணுமா?" என்றார். "இருக்கட்டும் சார்" என்றேன். ரொம்ப வீரமாகச் சொன்னதாக நினைக்கவேண்டாம், குரல் கம்மித்தான் வந்தது. பிற்பாடு அதற்கு ஒரு விளக்கக் கடிதமும் கேட்டார்கள், கொடுத்தேன். ஜனவரி 28 மாலை மறுசீரமைப்புப் பத்திரங்களில் கையெழுத்தானது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கணக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

தவணை மறுபடி வர ஆரம்பித்தது. 2020 ஊரடங்கில் எல்லோரையும் போல அவரும் தவித்தார், ரிசர்வ் வங்கி கொடுத்த தவணை ஒத்திவைப்பை வாங்கினார், மீண்டார். கடன் முடிந்தபோது நான் வேறு கிளைக்கு மாறிவிட்டேன். முடிந்தது என்று போன் செய்து சொன்னார்.

மாறாதது ஒன்று. பிப்ரவரியில் பாய் அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிட்டார். அவன் சூரத்தில் வைரம் தீட்டும் பட்டறையில் சேர்ந்துவிட்டிருந்தான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். பிடித்துவைத்த ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பிவிடுங்கள் பாய் என்றேன். "பேஜ் தேங்கே சாஹேப்" என்றார். மறுசீரமைப்பு நிபந்தனைகளில் அதைச் சேர்க்க முடியுமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். முடியாது.

இவ்வளவையும் அம்மாவுக்குச் சுருக்கிச் சொல்லி முடிக்கும்போது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து ஜிர்கோனியா பல் வந்தது. தங்கமணிதான் ஜெயித்தாங்க. டாக்டர் பொருத்தும்போது நான் எட்டிப் பார்த்து நிறத்தைச் சோதித்ததில் அவர் கொஞ்சம் கடுப்பானார். பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போனது. மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை.

அன்று ராத்திரி சப்பாத்தியைப் புதுப் பல் பக்கமாக மென்றுகொண்டே அம்மா கேட்டாங்க:

"அந்தப் பையனுக்குக் காசு போய்ச் சேர்ந்துச்சாப்பா?"

அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் பாயிடம் கேட்டேன், அனுப்பிட்டேன் என்றார் என்று சொன்னேன்.

"ரசீது பாத்தியா?"

"இல்லம்மா" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு சப்பாத்தி கேட்டாங்க.